கீழ்த்தட்டுப் புத்தகங்கள்

ஒருவர் ஒரு புத்தகத்தை ஏன் எடுத்தார் என்று கேட்டால் வண்டிக்காரருக்குப் பதில் தெரியாது. ஏன் எடுக்கவில்லை என்று கேளுங்கள், மனிதர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார். எழுத்து பொடியாக இருந்தால் எடுக்க மாட்டார்கள். அட்டையில் வெள்ளை அதிகமாக இருந்தால் எடுக்க மாட்டார்கள். வெள்ளைச் சுவரும் வெள்ளை விரிப்பும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன கண்ணுக்கு அதிலும் வெள்ளையா? தலைப்பில் 'கடைசி' என்றோ 'விடை' என்றோ ஒரு சொல் இருந்தால் சுட்டதுபோலக் கையை எடுத்துவிடுவார்கள். பக்கங்களுக்கு நடுவில் யாருடைய தலைமுடியாவது கிடந்தால் போச்சு, அந்த வார்டிலேயே அதை இனி ஒருவரும் தொட மாட்டார்கள். 'விரைவில் குணமடைய வாழ்த்துகள்' என்று முதல் பக்கத்தில் யாரோ யாருக்கோ எழுதிக் கொடுத்த புத்தகம் இருக்கிறதே, அதைப்போலப் பாவப்பட்ட புத்தகம் உலகத்தில் கிடையாது. வாழ்த்து வாங்கியவர் குணமானாரா இல்லையா என்பதுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அது மட்டும் அதில் எழுதியிருக்காது.

அவர் ஒரு பெரிய மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கட்டில் கட்டிலாகப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். அந்த வேலைக்கு அலுவலகத்தில் நீளமாக ஏதோ ஒரு பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. டாக்டர் முதல் தரை துடைக்கும் அம்மா வரை எல்லோருக்கும் அவர் வண்டிக்காரர்தான். வண்டி என்பது ஒரு காலத்தில் மருந்து வண்டியாக இருந்தது. இரண்டு தட்டு. முன் சக்கரம் ஒன்று இடது பக்கமாகவே இழுக்கும். அது போகிற போக்கில் விட்டால் நேரே எக்ஸ்ரே அறைக்குள் போய் நிற்கும். அடித்தளத்தில், துணி வெளுக்கும் இடத்துக்குப் பக்கத்து அறையில் வண்டிக்காரரின் புத்தகங்கள் இருந்தன. வீடு மாறுகிறவர்களும், அலமாரியில் இடம் போதாதவர்களும், செத்துப்போன மாமாவின் சாமான்களை ஒழிக்கிறவர்களும் மூட்டை கட்டிக் கொண்டுவந்து போட்டவை. அட்டைகளைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார். கிழிந்ததை ஒட்டுவார். தலைமுடி இருக்கிறதா என்று ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்து உதறுவார்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பொல்லாதது மூலை மடிப்பு. அதை அவருக்குக் காட்டிக் கொடுத்தவர் ஒரு பஸ் டிரைவர். நல்ல வாட்டசாட்டமான மனிதர், தமாஷ் பேர்வழி. நர்ஸ் ஊசியோடு வந்தால் "ஹாரன் அடிக்காம வராதீங்கம்மா" என்பார். ஒரு துப்பறியும் கதையை வாங்கிப் புரட்டினவர், பாதியில் ஒரு பக்கத்தின் மூலை மடிந்திருப்பதைப் பார்த்தார். அதற்கப்புறம் கடைசி வரை எங்கேயும் மடித்த அடையாளம் இல்லை.

"இதுக்கு முன்னாடி படிச்சவரு இங்க நிறுத்திட்டாரு போலிருக்கே."

"இருக்கும்."

"ஏன் நிறுத்தினாரு?"

கதை பிடிக்கவில்லையோ என்னவோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வண்டிக்காரருக்கு அது அப்போது தோன்றவில்லை. டிரைவர் அவர் முகத்தைப் பார்த்தார், புத்தகத்தை மூடி வண்டியில் வைத்தார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு அவர் யாரிடமும் ஹாரனைப் பற்றிப் பேசவில்லை.

அன்றைக்கே வண்டிக்காரர் துணி தேய்க்கிறவரிடம் போய் ஒரு பழைய இஸ்திரிப்பெட்டியைக் கேட்டு வாங்கி வந்தார். திரும்பி வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் பக்கம் பக்கமாகப் பார்த்து, மடித்த மூலைகளை நீவி, மேலே ஈரத்துணி போட்டு, மிதமான சூட்டில் அழுத்துவார். ஒருவர் எங்கே நிறுத்தினார் என்பது அடுத்தவருக்குத் தெரியக் கூடாது.

இதோடு விட்டாரா என்றால் இல்லை. அவருக்கு இன்னொரு ஏற்பாடும் இருந்தது. மேல்தட்டில் கனமான புத்தகங்கள், கீழ்த்தட்டில் மெலிசுகள். வார்டுக்குள் நுழைந்ததும் தலைமை நர்ஸைப் பார்ப்பார். சில கட்டில்களைப் பற்றி அந்த அம்மா வாயால் எதுவும் சொல்ல மாட்டார். கண்ணை மட்டும் ஒரு தரம் தாழ்த்துவார். அந்தக் கட்டிலுக்கு வண்டிக்காரர் குனிந்து கீழ்த்தட்டிலிருந்து எடுப்பார். "சின்னதுதான், ஆனா விறுவிறுன்னு போகும்" என்பார். ஆயுசு பாதியில் போகிறது, அதற்கு அவர் என்ன செய்ய முடியும்? கதையாவது பாதியில் போக வேண்டாமே என்பது அவருடைய கணக்கு. இப்படி ஒரு கருணை இருப்பது யாருக்கும் தெரியாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

யாருக்கும் தெரியாது என்றால், அக்காவைத் தவிர.

அக்காவும் தம்பியும் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறையில் குடியிருந்தார்கள். அத்தான் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. தம்பிக்கும் கல்யாணம் என்று ஒன்று நடந்து, வந்த வேகத்தில் கலைந்துபோனது. அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களை உட்கார வைத்து, எதிர்ச்சுவரில் இருக்கும் எழுத்துகளைப் பெரிசிலிருந்து பொடிசு வரை படிக்கச் சொல்வது அவள் வேலை. பகலெல்லாம் மற்றவர்களைப் படிக்க வைத்துவிட்டு, சாயங்காலம் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அவள் படிப்பாள். தம்பி புத்தகத்தைச் சுமக்கிறவர், துடைக்கிறவர், தேய்க்கிறவர். படிக்கிறவள் அக்காதான்.

அவளுக்குப் பிடிக்காத சங்கதிகள் ஒரு வார்டு நோயாளிகளுக்கு உள்ளதைச் சேர்த்தாலும் ஈடாகாது. முதலில் முகர்ந்து பார்ப்பாள். பவுடர் வாசனை வந்தால் நகர்த்திவிடுவாள். பின்னட்டையில் எழுத்தாளர் மோவாயில் கைவைத்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தால் தொட மாட்டாள். "பல்வலியா இவருக்கு?" என்பாள். 'நெஞ்சை உலுக்கும்', 'கீழே வைக்க முடியாத' என்றெல்லாம் போட்டிருந்தால் அப்போதே கீழே வைத்துவிடுவாள். பென்சிலால் அடிக்கோடு போட்ட புத்தகத்தைக் கண்டால் கோபமே வரும். "நான் எங்க அழணும்னு சொல்றதுக்கு இவன் யாரு?" எல்லாவற்றுக்கும் மேலே, மழையில் ஆரம்பிக்கிற கதை. "ஒண்ணும் தோணலைன்னா மழைய பெய்ய விட்டுடறாங்கடா. குடைய மடக்கிட்டு வரட்டும், அப்புறம் படிக்கறேன்" என்பாள். இவ்வளவு கழித்தது போக மிஞ்சுகிற புத்தகம் ஒன்று கிடைத்துவிட்டால், அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கூப்பிட்டால் காது கேட்காது. அடுப்பில் பால் பொங்கி வழியும். தனக்குள் சிரித்துக்கொண்டே பக்கம் திருப்புவாள்.

சாப்பிடும்போது தம்பி ஆஸ்பத்திரிக் கதை பேசுவார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம். இஸ்திரிப்பெட்டி, தலைமை நர்ஸின் கண், மேல்தட்டு, கீழ்த்தட்டு, ஒன்று விடாமல் அக்காவிடம் கொட்டிவிட்டார். கேட்டுவிட்டு அவள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"டேய், நீ அவங்களுக்குப் புத்தகம் குடுக்கறியா, தேதி குடுக்கறியா?"

தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா பேசினால் அப்படித்தான், போகிற போக்கில் ஒன்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தார். அதற்குமேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

பிறகு அக்காவுக்கு வயிற்றில் வலி வந்தது. கடை நாற்காலியில் உட்கார்ந்தே சமாளித்தாள். சமாளிக்க முடியாமல் போனபோது நாள் கடந்திருந்தது. தம்பி வேலை செய்கிற அதே ஆஸ்பத்திரியில், அவர் வண்டி தள்ளுகிற அதே மாடியில் கட்டில் கிடைத்தது. வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர், எதையும் எடுக்காமல் மூடித் தைத்துவிட்டார். தண்ணீர் குழாய்க்குப் பக்கத்தில் வண்டிக்காரரை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"ரொம்ப இழுக்காதுங்க. வலி இல்லாம பாத்துக்கலாம், அவ்ளோதான்."

"அவங்களுக்குத் தெரிய வேண்டாம் சார்."

"நானா சொல்ல மாட்டேன். அவங்களே கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்."

"கேக்க மாட்டாங்க சார்" என்றார் வண்டிக்காரர். தலைமை நர்ஸிடமும் கெஞ்சி வைத்தார். உலகத்தில் அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு உறவுதான். தன் சாவைத் தெரிந்துகொண்டு அவள் ஒரு பொழுதுகூட அந்தக் கட்டிலில் கிடக்கக் கூடாது. அவருக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

அவர் சொன்னது சரிதான், அக்கா டாக்டரை எதுவும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்க வேறு இடம் இருந்தது. மயக்கம் முழுசாகத் தெளிந்த அன்று, தம்பியைப் பார்த்து, "எங்கடா உன் வண்டி?" என்றாள்.

வண்டிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தால் அவளுக்குப் புரிந்துவிடும். மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது தன் முகம் காட்டிக் கொடுத்துவிடும். எதுவும் கொடுக்காமல் தாண்டிப் போனாலோ, அதைவிட மோசம். அடித்தளத்துக்கு இறங்கிப் போய் மெலிசையும் கனத்தையும் இரண்டு தட்டிலும் கலந்து அடுக்கினார். அதை ஒரு பெரிய தந்திரம் என்று நினைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அக்கா தலையணையில் சாய்ந்தபடி வண்டியை ஒரு பார்வை பார்த்தாள்.

"தட்டெல்லாம் கலைஞ்சு கிடக்கே. எனக்காகவா?"

"தூசி தட்டும்போது மாறிப்போச்சுக்கா."

அவள் கையை நீட்டி ஒரு பச்சை அட்டைப் புத்தகத்தை உருவினாள். ஒல்லியான புத்தகம். முகர்ந்து பார்த்தாள். பின்னட்டையைத் திருப்பினாள், அதில் படமும் இல்லை, பாராட்டும் இல்லை. முதல் பக்கத்தைத் திறந்து சத்தமாகப் படித்தாள்: "எங்கள் வீட்டில் முதன்முதலில் பொய் சொன்னது கடிகாரம்தான்."

படித்துவிட்டுச் சிரித்தாள். தையல் இழுத்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அப்படியும் சிரித்தாள். படுக்கையில் விழுந்ததிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. மடத்தம்பி அதைப் பார்க்கவில்லை. அவர் பார்த்ததெல்லாம் புத்தகத்தின் ஒல்லியைத்தான்.

"அது உனக்கு வேண்டாம்கா."

"ஏன்?"

"சட்டுனு முடிஞ்சுடும். உனக்கு நல்லா பெரிசா ஒண்ணு கொண்டுவரேன். புதுசா."

அக்கா அவரைப் பார்த்தாள். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படிக்கத் திணறுகிறவர்களை அவள் இப்படித்தான் பார்ப்பாள், அவசரப்படுத்தாமல். பிறகு பச்சை அட்டையை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"சரி. பெரிசாவே கொண்டா."

அன்று மதியமே கடைத்தெருவுக்கு ஓடினார். புத்தகக் கடையில் அலமாரி அலமாரியாகப் போய், ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தார். இருப்பதிலேயே கனமானது எது என்பது தவிர வேறு எதையும் அவர் பார்க்கவில்லை. பெயரைக்கூட ஒழுங்காகப் படிக்கவில்லை. செங்கல் கனத்துக்கு ஒன்றைத் தேர்ந்து வாங்கி, மேலே சுற்றியிருந்த கண்ணாடித்தாளைக்கூடப் பிரிக்காமல் அக்கா மடியில் கொண்டுவந்து வைத்தார்.

அவள் தாளைப் பிரித்தாள். பின்னட்டையைப் பார்த்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள். மூடிவைத்துக் கையால் தடவினாள்.

"இவ்ளோ இருக்கா எனக்கு?"

"ஏன், இருக்காதா? இத முடி மொதல்ல. ரெண்டாம் பாகம் ஒண்ணு இருக்கு."

"ரெண்டாம் பாகம் வேறயா?" என்றாள் அக்கா. "சரிடா. படிச்சுடறேன்."

நம்பிவிட்டாள் என்று வண்டிக்காரர் தலைகால் புரியாமல் திரும்பினார். படிக்கட்டில் இறங்கும்போது விசில்கூட வந்தது. தான் சொன்ன பொய் ஒன்று இவ்வளவு நன்றாக விலைபோகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எப்போது போனாலும் அவள் கையில் அந்தப் புத்தகம் இருந்தது. வண்டியின் சக்கரச் சத்தம் அந்த வராந்தாவின் அடுத்த முனைக்குக் கேட்கும். இவர் நுழையும்போது புத்தகம் திறந்திருக்கும், அவள் கண் அதில் இருக்கும். நேற்றைவிட இன்று கொஞ்சம் தள்ளித் திறந்திருக்கும்.

"எப்பிடிக்கா போகுது?"

"நல்லா போகுது."

"கதை என்ன?"

"ஒரு பெரிய குடும்பம். ஆளாளுக்கு ஒரு வீம்பு."

"அப்புறம்?"

"எல்லாத்தயும் நானே சொல்லிட்டா நீ எதப் படிப்ப?"

"நான் எங்க படிக்கப் போறேன்" என்று அவர் அசடு வழிவார்.

பச்சை அட்டைப் புத்தகம் பக்கத்துக் கட்டிலுக்குப் போயிற்று. அங்கே பித்தப்பைக் கல்லுக்காக வந்திருந்த ஒரு தையல்காரி இருந்தாள். சீக்கிரமே வீட்டுக்குப் போகிறவள். எது கொடுத்தாலும் பாதகமில்லை. அவள் அதைப் படித்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஒரு நாள் வண்டிக்காரர் வண்டியை லிஃப்ட் பக்கத்தில் நிறுத்திவிட்டு வெறும் கையோடு உள்ளே வந்தார். சத்தமில்லாமல் வந்ததால் அவரை யாரும் கவனிக்கவில்லை. தையல்காரி பச்சை அட்டையிலிருந்து எதையோ வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அக்கா ஒருக்களித்துப் படுத்து, அவள் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். தம்பியைப் பார்த்ததும் சட்டென்று மல்லாந்து, பெரிய புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். பாவம், தையல்காரி தொணதொணவென்று படித்து இவளைப் படிக்கவிடாமல் செய்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார் வண்டிக்காரர். "கொஞ்சம் மெதுவா படிங்கம்மா" என்று அவளிடம் சொல்லவும் சொன்னார். தையல்காரி அக்காவைப் பார்த்தாள். அக்கா முகத்துக்கு நேரே பிடித்த புத்தகத்தை இறக்கவில்லை. அதற்குப் பிறகு தையல்காரி வாய்விட்டுப் படிக்கவில்லை.

அவள் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று பச்சை அட்டையை அக்காவிடம் நீட்டினாள். "நீங்க வெச்சுக்கோங்க. இன்னும் கொஞ்சம்தான் இருக்கு, பாதிலயே விட்டுட்டோமே."

அப்போது வண்டிக்காரர் அங்கேதான் நின்றிருந்தார். அக்கா புத்தகத்தை வாங்கினாள். கட்டிலிலிருந்து சரிந்து, வலியோடு கையை நீட்டி, அதை வண்டியின் கீழ்த்தட்டில் தானே வைத்தாள். மெலிசுகள் இருக்க வேண்டிய இடத்தில்.

"எனக்குத்தான் பெரிசு இருக்கே" என்றாள்.

பிறகு அவளுக்குக் கை வற்றிப்போனது. புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாமல் வயிற்றின்மேல் நிறுத்திக்கொண்டாள். தலைமை நர்ஸ் வண்டிக்காரரைக் கூப்பிட்டுத் திட்டினார்.

"அந்தச் செங்கல்ல எடுத்துட்டுப் போங்க அண்ணா. தையல் போட்ட எடத்துல வெச்சு அழுத்திக்கறாங்க. ராத்திரி வலின்னு ஊசி கேக்கறாங்க."

வண்டிக்காரர் ஒரு பிளேடும் பசையும் எடுத்துக்கொண்டு வந்தார். முதுகுத் தையலோடு புத்தகத்தை அறுத்து, நாலைந்து துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை போட்டுவிட்டால் கையில் பிடிக்க லேசாக இருக்கும். அந்த வேலை அவருக்குக் கைவந்தது. பிளேடைப் பார்த்ததும் அக்கா புத்தகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"வெட்டாத."

"கனமா இருக்கேக்கா. வலிக்குதுல்ல?"

"இருக்கட்டும். துண்டு போட்டா மெலிசாயிடும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ ஆசையா வாங்கிட்டு வந்தது. கனமாவே இருக்கட்டும்."

அவருக்கு அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்காவுக்குக் கதை அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று எடுத்துக்கொண்டார். அறிவு வேலை செய்யாமல் போவதற்கும் ஒரு அளவு இருக்கிறது. பாசம் அந்த அளவையும் தாண்டிவிடும்.

ஒரு காலை நேரத்தில் அவர் கீழ்மாடியில் யாருக்கோ புத்தகம் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா போய்விட்டாள். சொல்ல வந்த நர்ஸ் வண்டியின் கைப்பிடியில் இருந்த அவர் கைமேல் தன் கையை வைத்தாள், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியதெல்லாம் முடிந்து, டயர் கடைக்கு மேலே தனியாக இருக்க முடியாமல் அவர் வேலைக்குத் திரும்பினார். கட்டிலைக் காலி செய்த அம்மா, அங்கிருந்த பெரிய புத்தகத்தை வழக்கம்போல வண்டியின் மேல்தட்டில் வைத்திருந்தார். வண்டிக்காரர் அதை அடித்தளத்துக்குக் கொண்டுபோனார். இஸ்திரிப்பெட்டியைச் சூடு போட்டார். மற்ற புத்தகங்களைப் பார்ப்பதுபோலவே இதையும் பார்க்க உட்கார்ந்தார். அக்கா எந்த இடத்தில் நிறுத்தினாள் என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது.

புத்தகத்தைத் திறக்காமல் ஓரத்திலேயே மடிப்பைத் தேடினார். பாதியில் மடிப்பு இல்லை. முக்காலில் இல்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்தார். 'முற்றும்' என்று போட்டிருந்த இடத்துக்குக் கீழே மூலை மடிந்திருந்தது. நகத்தால் நன்றாக அழுத்தி, அழுத்தமாக மடித்திருந்தாள்.

முடித்துவிட்டாள். அத்தனை வலியிலும் முடித்துவிட்டாள். வண்டிக்காரர் அந்தப் பக்கத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார், கொஞ்சம் நிம்மதியாகக்கூட.

அழுது ஓய்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு பக்கங்களைப் பின்னாலிருந்து முன்னால் விரலால் ஓட்டினார். அது பழக்கதோஷம். பக்கங்கள் ஓடவில்லை. புதுப் புத்தகத்தின் தாள்கள் வெட்டிய ஓரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு தரம் திருப்பினால்தான் பிரியும். கொத்துக் கொத்தாக அவை ஒட்டியபடியே இருந்தன. நடுநடுவே, கொத்துக்கு ஓர் இடம் மட்டும் விரிந்திருந்தது, இவர் வரும்போது திறந்து பிடிப்பதற்காக. ஒழுங்காகப் பிரிந்திருந்தவை ஆரம்பத்துச் சில பக்கங்கள் மட்டும்தான். வண்டிக்காரர் முதல் பக்கத்துக்கு வந்தார். அந்தப் புத்தகத்தை அவர் படிக்க எடுத்தது அப்போதுதான்.

மழை. எடுத்த எடுப்பில் மழை. நாலு பக்கத்துக்கு விடாமல் அடிக்கிற மழை.

புத்தகத்தைத் திருப்பினார். பின்னட்டையில் எழுத்தாளர் மோவாயில் கைவைத்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே 'கீழே வைக்கவே முடியாத நாவல்' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது.

ஊரில் இருக்கிற நோயாளிகளுக்கெல்லாம் எது பிடிக்காது என்று மனப்பாடமாக வைத்திருந்தவர், கூடப் பிறந்தவளுக்குப் பிடிக்காததையெல்லாம் ஒன்று சேர்த்து, காசு கொடுத்து வாங்கி, அவள் வயிற்றின்மேல் ஏற்றி வைத்திருக்கிறார். அவளுக்கு முதல் நாளே எல்லாம் தெரியும். கலைந்த தட்டைப் பார்த்ததுமே தெரியும். தெரியாததுபோல இருந்தது தம்பிக்காக. அவள் கையிலெடுத்துச் சிரித்த ஒரே புத்தகத்தை அவர் பிடுங்கினார். காதால் கேட்டதையும் நிறுத்தினார். படிக்கிறவளுக்குக் கிடைத்த கடைசி நாட்களில் அவளைப் படிக்க விடவில்லை. இவரைத் தேற்றுவதற்காகவே அந்தக் கல்லைத் தூக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? கேட்டுவிட்டு ஒரு வார்த்தையில் அவர் மண்டையில் குட்ட இனி யார் இருக்கிறார்கள்?

ஈரத்துணியை எடுத்தார். இஸ்திரிப்பெட்டியைத் தூக்கினார். கடைசிப் பக்கத்து மூலையின்மேல் அதை வைக்க அவருக்குக் கை வரவில்லை. பெட்டி சூடு ஆறும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, புத்தகத்தை வண்டியில் மற்றவற்றுக்குப் பின்னால் செருகினார். வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது, தூக்கி எறியவும் முடியாது.

எத்தனையோ நாள் அது அங்கேயே கிடந்தது. ஒரு நாள், ஒரு கட்டிலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தும்போது தலைமை நர்ஸ் கண்ணைத் தாழ்த்தினார். கட்டிலில் இருந்தவர் ஏதோ கிடங்கில் காவல் வேலை பார்த்தவராம். வண்டிக்காரர் குனிந்து கீழ்த்தட்டில் கைவிட்டார். பச்சை அட்டைதான் கையில் வந்தது. அவர் நிமிர்வதற்குள் காவலாளி மேல்தட்டின் பின்னாலிருந்து தானாகவே ஒன்றை இழுத்து எடுத்துவிட்டார்.

"இது கனமா இருக்கே. நல்லா நாள் ஓடும்."

"அது வேண்டாங்க. இதப் பாருங்க, சின்னதுதான், ஆனா…"

காவலாளி பச்சை அட்டையைப் பார்த்தார். அதன் ஒல்லியைப் பார்த்தார். பிறகு வண்டிக்காரரின் முகத்தைப் பார்த்தார். "ஏன், எனக்கு இது ஆகாதா?" என்றார். பஸ் டிரைவர் கேட்ட அதே குரல். காவலாளி பெரிய புத்தகத்தைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். மடித்த மூலையைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது.

"யாரோ முழுசா படிச்சு முடிச்சிருக்காங்க."

"ஆமாங்க."

"நல்லா இருந்துச்சாமா?"

வண்டிக்காரர் பச்சை அட்டையைக் கீழ்த்தட்டில் இருந்த இடத்திலேயே வைத்தார்.

"நல்லா போகுதுன்னு சொன்னாங்க."

காவலாளி திருப்தியாகத் தலையாட்டி, சாய்ந்துகொண்டு, புத்தகத்தை வயிற்றின்மேல் நிறுத்தினார். முதல் பக்கத்தைத் திறந்தார். அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் அடுத்த கட்டிலுக்கு வண்டியைத் தள்ளினார்.